ஆக்ஸ்போர்டு கட்டிடங்களைப் பத்துப் படத்தில் காட்டணும்: எதை எடுக்கறது, எப்படி வரையறது?

கோபி_வாய்க்கால்

வணக்கமுங்க. கோபி பக்கத்துல ஒரு கிளை நூலகத்துக்காகப் படக் கண்காட்சி தயார் ஆகுது. பழைய பல்கலைக்கழக ஊர்களோட கட்டிடக்கலைதான் பொருள். எங்க பங்குக்கு ஆக்ஸ்போர்டு. ஏ3 அளவுல பத்துப் படம், கறுப்பு மைக்கோடு போட்டு மேல நீர்வண்ணம், ஒவ்வொண்ணுக்கும் கீழ நாலு வரி. பார்க்க வர்றது பெரும்பாலும் ஒம்பதாவது, பத்தாவது படிக்கற பசங்க.

நேர்ல போய் வரைய வழியில்லை, போட்டோவை வெச்சுத்தான். சிக்கல் இதுதானுங்க: பத்தும் ஒரே கட்டிடம் மாதிரித் தெரியுது. ஜன்னல் வளைவு கையில போட்டா மாவிலை மாதிரி வருது. ராட்கிளிஃப் கேமராங்கற வட்டமான நூலகக் கட்டிடத்தோட குவிமாடம் கவுத்து வெச்ச சட்டி மாதிரி ஒரு பக்கம் சாயுது. கல்லுக்கு என்ன நிறம் கலந்தாலும் சந்தனம் பூசின சுவரா ஆயிருது. அப்புறம் 'குவாட்ராங்கிள்' (சுருக்கமா 'குவாட்'), அதாவது நாலு பக்கமும் கட்டிடம் சூழ்ந்த கல்லூரி முற்றம், அதுக்குத் தமிழ்ல என்ன எழுதலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கல்லுளி

பத்து அழகான கட்டிடம் என்று தேடினால் பத்தும் ஒன்றுபோலத்தான் வரும். அந்த ஊரில் பாதிக்கு மேல் தேன் நிறக் கல், கூரான முகடு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு வேலை கொடுங்கள். இந்தப் படம் எதைச் சொல்ல வந்தது என்று ஒரே வரியில் எழுத முடியவில்லையா, அந்தக் கட்டிடத்தை விட்டுவிடுங்கள்.

முதல் படம் கல்லூரியே இல்லை. வடக்கு வாசல் செயின்ட் மைக்கேல் தேவாலயக் கோபுரம், சுமார் 1040. ஊரில் நிற்கிற கட்டிடங்களில் மிகப் பழையது, பல்கலைக்கழகத்துக்கும் மூத்தது. ஒழுங்கில்லாத சில்லுக்கல் கட்டு. இதை வரைந்து வைத்தால்தான் பின்னால் வரும் இழைத்த கல்லின் அருமை தெரியும்.

இரண்டாவதும் மூன்றாவதும் ஜோடி. மெர்ட்டன் கல்லூரியின் 'மாப் குவாட்' 1288-லிருந்து 1378 வரை துண்டு துண்டாக எழுந்தது, திட்டம் போட்டுக் கட்டியதல்ல. மாடியில் நூலகம் இருக்கும் பக்கங்களில் குறுகலான ஜன்னல்கள் நெருங்கி நிற்கும். இரண்டு அலமாரிக்கு நடுவில் உட்கார்ந்து படிப்பவருக்கு வெளிச்சம் வேண்டும், அதற்காக. அதை எண்ணி வரையுங்கள், அழகுக்காகக் கூட்டிக் குறைக்காதீர்கள். அடுத்தது 1379-ல் தொடங்கிய நியூ காலேஜ். வழிபாட்டு மண்டபம், உணவுக்கூடம், நூலகம், தங்கும் அறைகள், வாசல் கோபுரம் எல்லாவற்றையும் ஒரே முற்றத்தைச் சுற்றி முன்கூட்டியே யோசித்து வைத்த திட்டம். இதை மேலிருந்து பார்க்கும் கோணத்தில் போடுங்கள். தரையில் நின்று பார்த்தால் திட்டம் தெரியாது. ஒன்று எச்சரிக்கை: முற்றத்தைச் சுற்றி இன்று தெரியும் மூன்றாவது தளம் 17-ஆம் நூற்றாண்டில் ஏற்றியது. '1380-களில் இப்படி இருந்தது' என்று கீழே எழுதிவிட்டு மூன்று தளம் வரையக்கூடாது.

நாலாவது, இறையியல் பாடம் நடத்தக் கட்டிய டிவினிட்டி ஸ்கூல் மண்டபத்தின் உள்கூரை. 1488-ல் முடிந்தது. விலா எலும்பு மாதிரிக் கல் கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி, சந்திக்கும் இடமெல்லாம் செதுக்கிய குமிழ். மொத்தம் 455 குமிழ்கள். எல்லாவற்றையும் வரைய முயன்றால் ஏ3 தாளில் கறுப்புத் திட்டுத்தான் மிஞ்சும். ஒரே ஒரு கட்டத்தைப் பெரிதாக எடுத்து, மற்றதை வெறும் கோடாக விடுங்கள்.

ஐந்தாவது கிறைஸ்ட் சர்ச் கல்லூரியின் டாம் கோபுரம். கீழே, பின்னாளில் பதவி இழந்த கார்டினல் வுல்சி 1525-ல் தொடங்கி அரைகுறையாக விட்ட வாசல். மேலே 1681-82-ல் கட்டிடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் வைத்த கோபுரம். உள்முற்றச் சுவரைக் கவனியுங்கள்: சுற்றுத் தாழ்வாரத்துக்காக வளைவுகள் கிளம்பும் அடிக்கல்லை மட்டும் வைத்துவிட்டு வேலை நின்றுபோன அடையாளம் இன்னும் இருக்கிறது. பசங்களுக்கு இதைக் காட்டுங்கள், கட்டிடம் என்பது பணமும் பதவியும் போனால் நின்றுவிடுகிற வேலை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆறாவது பழைய போட்லியன் நூலக முற்றத்தின் ஐந்து பாணிக் கோபுரம். 1613-க்குப் பிறகு சில ஆண்டுகளில் எழுந்தது. கீழிருந்து மேலாக டஸ்கன், டோரிக், அயோனிக், கொரிந்தியன், காம்போசிட் என்று இரட்டை இரட்டைத் தூண்கள், ஒரு மாடிக்கு ஒன்று. பாடப்புத்தகத்தைச் சுவரில் ஒட்டின மாதிரி. ஆனால் சுற்றிலும் உள்ள சுவர் இன்னும் பழைய கூர்முனை மரபுதான். ஏழாவது ஷெல்டோனியன் அரங்கு, 1664-69, ரென் இளவயதில் செய்த வேலை. இதை வெளியிலிருந்து மட்டும் வரைந்தால் வீண். உள்ளே சுமார் 70 அடி அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. அந்த நீளத்துக்கு ஒற்றை மரம் கிடைக்காது என்பதால் துண்டு மரங்களைக் கோத்த சட்டகம் கூரையைத் தாங்கியது. குறுக்குவெட்டாக ஒரு படம் போடுங்கள். எட்டாவது ராட்கிளிஃப் கேமரா (1737-49, ஜேம்ஸ் கிப்ஸ்). ஒன்பதாவது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உட்புறம் (1855-60): கண்ணாடிக் கூரை, இரும்புத் தூண்கள். முதலில் எழுப்பிய இரும்புச் சட்டகம் பாரம் தாங்காமல் பிரித்து மறுபடி செய்தார்கள். சுற்றிலும் உள்ள ஒவ்வொரு கல் தூணும் ஒவ்வொரு வகைப் பாறை, அடியில் பெயர் பொறித்திருக்கும். பத்தாவது செயின்ட் கேத்தரின்ஸ் கல்லூரி, வடிவமைத்தவர் ஆர்னே யாகோப்சன், 1960-கள். கான்கிரீட், கண்ணாடி, மெலிந்த மஞ்சள் செங்கல். இது வேண்டாம் என்று நூலகத்தில் யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள்.

இனி கல். இதைப் புரிந்துகொள்ளாமல் இந்த ஊரை வரைய முடியாது. நம் பக்கம் பேரூர் கனகசபைத் தூணில் 17-ஆம் நூற்றாண்டில் உளி வைத்த கூர் இன்னும் கையில் தட்டுப்படும். அது கருங்கல். ஆக்ஸ்போர்டு சுண்ணாம்புக்கல் ஊர். பக்கத்து ஹெடிங்டன் குவாரியில் இரண்டு வகைக் கல்: அடிவரிசைக்குக் கடினக்கல், மேல்சுவருக்கு இழைக்கத் தோதான மென்கல். மென்கல்லில் நிலக்கரிப் புகை படிந்தது. புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து கல்லின் மேல்தோலை ஜிப்சமாக மாற்றும். தோல் இறுகும், உள்ளே மாவாகும், பிறகு கொப்புளம் விட்டு அப்பளம் மாதிரி உரியும். 1957-ல் தனியாக நிதி திரட்டி, ஊர் முழுக்க முகப்புக்கல்லைப் பெயர்த்து மாற்றினார்கள். அதற்குப் பெரிதும் வந்தது ரட்லண்ட் பகுதியின் கிளிப்ஷம் கல்.

ஆக, கட்டிடத்தின் வயசு வேறு, கண்ணுக்குத் தெரியும் கல்லின் வயசு வேறு. விவரம் உறுதியாகக் கிடைக்கும் படங்களிலாவது இரண்டு வருஷத்தையும் போடுங்கள். ஷெல்டோனியன் முன்னால் நிற்கும் தாடி வைத்த கல் தலைச் சிலைகள் இதற்குக் கச்சிதமான உதாரணம். முதல் வரிசை 1669. 1868-ல் புதிதாக வைத்தார்கள். அந்தக் கல் மோசமானது, நூறு வருஷத்துக்குள் மூக்கும் கண்ணும் கரைந்து உருண்டையாகிவிட்டது. இப்போது இருப்பது 1972-ல் முடிந்த மூன்றாவது வரிசை. ஒரே தலையை மூன்று நிலையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஏழாவது படத்தின் ஓரத்தில் வையுங்கள்.

கண்காட்சி மேஜையில் இரண்டு கல்லும் வைக்கலாம். மதுக்கரைப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் ஒரு துண்டு, கருங்கல் ஒரு துண்டு. சுண்ணாம்புக்கல்லை ஆணியால் கீறித் தூள் எடுத்து, தூள் மேல் வினிகர் நாலு சொட்டு. நுரைக்கும். முழுக்கல்லின் மேல் விட்டால் நுரை லேசாகத்தான் வரும், தூரத்திலிருந்து தெரியாது. கருங்கல்லில் ஒன்றும் நடக்காது.

பென்சில்முனை

வளைவைக் கையால் போடாதீங்க. அது மாவிலை ஆவதற்குக் காரணமே அதுதான். காம்பஸ் எடுங்க.

பழைய கூர்முனை வளைவு: அகலம் 10 செ.மீ என்றால் காம்பஸையும் 10 செ.மீ திறந்து, இடது முனையில் ஊன்றி ஒரு வில், வலது முனையில் ஊன்றி ஒரு வில். இரண்டும் 8.7 செ.மீ உயரத்தில் சந்திக்கும். அவ்வளவுதான்.

1400-களின் பிற்பகுதியிலும் 1500-களிலும் வரும் தட்டை வளைவுக்கு நாலு மையம் வேணும். கல்லூரி வாசல்களில் நிறையப் பார்ப்பீங்க. 10 செ.மீ அடிக்கோட்டில் இரு முனையிலிருந்தும் 2.5 செ.மீ தள்ளி ஒவ்வொரு புள்ளி. அந்த இரண்டு புள்ளிக்கும் நடுவிலுள்ள 5 செ.மீ-ஐ மேல்பக்கமாக வெச்சு, கோட்டுக்குக் கீழே 5 செ.மீ சதுரம் ஒண்ணு. மேல் இரண்டு மூலையில் ஊன்றி 2.5 செ.மீ ஆரத்தில் சின்ன வில், அடிக்கோட்டின் முனையிலிருந்து மேல்நோக்கி 45 டிகிரி வரைக்கும். பிறகு சதுரத்தின் கீழ் வலது மூலையில் ஊன்றி இடப்பக்கப் பெரிய வில், கீழ் இடது மூலையில் ஊன்றி வலப்பக்க வில். ஆரம் 9.6 செ.மீ. உச்சி 4.2 செ.மீ உயரத்தில் வரும். சின்ன வில்லும் பெரிய வில்லும் சேருமிடத்தில் முட்டு தெரிந்தால் சதுரம் கோணலாக இருக்கு என்று அர்த்தம். இது ஜன்னலை நேராகப் பார்க்கும் படத்துக்கு மட்டும். சாய்வாகத் தெரியும் சுவரில் முதலில் ஒரு பெட்டி போட்டு, மூலைவிட்டத்தால் நடுக்கோடு கண்டுபிடித்து, உச்சியை அந்த நடுக்கோட்டில் வையுங்க. கண்ணுக்குத் தோன்றும் நடுவில் வைத்தால் தப்பு.

கேமரா குவிமாடம். செங்குத்தாக ஒரு அச்சு போட்டு, எல்லா நீள்வட்டமும் அதன் மேல் மட்டமாகக் கிடக்கணும். உங்களுக்குச் சாய்வது நீள்வட்டத்தைக் கூரையின் சரிவோடு சேர்த்துச் சாய்ப்பதால். தரையில் நின்று பார்க்கும் படத்தில் கண்மட்டம் சுமார் 1.6 மீட்டர். அந்த உயரத்தில் வளையம் வெறும் நேர்கோடு; மேலே போகப் போகப் புருவம் மாதிரி மேல்நோக்கி வளைந்து கனமாகும். பக்கத்து செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தின் மேலிருந்து எடுத்த போட்டோ என்றால் தலைகீழ், அடிவளையங்கள் கிண்ணத்தின் விளிம்பு மாதிரி கீழ்நோக்கி வளையும். இரண்டு போட்டோவைக் கலந்து வரைந்தால் கட்டிடம் நெளியும். ஒண்ணை மட்டும் வெச்சுக்கோங்க.

அடித்தளத்தில் முக்கோண நெற்றியோடு எட்டு முன்துருத்தல், நடுவில் எட்டு மாடம். அதனால் வட்டத்தை 16 பங்காக்குங்க. ஆரம் 10 செ.மீ என்றால் நடு அச்சிலிருந்து ஒரு பக்கம் 3.8, 7.1, 9.2, 10 செ.மீ-ல் பிரிவு விழும். ஓரத்துப் பங்கு வெறும் 8 மி.மீ. சமமான இடைவெளியில் போட்டால் உருளை தட்டையான சுவராகிடும். மேல்மாடித் தூண்கள் இரட்டை இரட்டையாக நிற்கும்.

குவிமாடத்தில் கல் வரிசை வரையாதீங்க. அது மரச் சட்டகத்தின் மேல் ஈயத்தகடு. மேலிருந்து கீழாக மடிப்புக்கோடு மட்டும், வெளிறிய சாம்பல்.

கோபி_வாய்க்கால்

ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். காம்பஸ் முறையில ஒண்ணு போட்டாச்சு, சரியா உக்காருது. நிறமும் நிழலும் மட்டும் யாராச்சும் சொன்னா நல்லா இருக்கும். நம்ம ஊர் வெயில் மாதிரியே நிழல் போட்டா எங்கயோ இடிக்குது.

நொய்யலான்

இடிக்கத்தானுங்க செய்யும். கோயமுத்தூர் 11 டிகிரி வடக்கு, ஆக்ஸ்போர்டு ஏறக்குறைய 51¾. கணக்குப் போடுங்க. நம்ம மார்கழி உச்சிவெயில், வருஷத்துலயே சூரியன் தாழ்ந்து போற நாள்லகூட, சுமார் 55 டிகிரி உயரத்துல நிக்கும். அங்க வருஷத்துலயே உச்சத்துல இருக்கற ஜூன் மத்தியானம் 62 டிகிரியைத் தாண்டாது. டிசம்பர்ல வெறும் 15. மேக்டலன் கல்லூரிக் கோபுரம் 44 மீட்டர். அதோட மத்தியான நிழல் ஜூன்ல 24 மீட்டர், டிசம்பர்ல 165 மீட்டருக்குப் பக்கம். நம்ம பழக்கத்துல கொடுங்கைக்கு அடியில குட்டையாக் கறுப்பு நிழல் போட்டா அது அந்த ஊர் இல்லீங்க. நிழலைச் சாய்வா, நீளமா, எதிர்ச்சுவர் மேல ஏறவிட்டுப் போடணும்.

இன்னொண்ணு: நம்ம ஊர்ல ஆனி மாசம் உச்சிவெயில் வடக்குப் பக்கம் சாயும். அங்க மத்தியானச் சூரியன் எப்பவுமே தெற்குதான். கேமராவுக்குத் தெற்கே செயின்ட் மேரி, வடக்கே பழைய நூலகம். அதனால செயின்ட் மேரியில இருந்து பார்த்தா வெளிச்சப் பக்கம். நூலகத்துப் பக்கம் இருந்து வரைஞ்சா எதிர்வெளிச்சம், பாதி இருட்டு. டாம் கோபுரத்தோட தெருமுகம் மேற்கு பார்த்தது, சாயங்கால நிழல் குடுங்க.

சந்தனம் பூசின மாதிரி ஆகறதுக்குக் காரணம் ஒரே மஞ்சளை முழுச் சுவருக்கும் அடிக்கறது. யெல்லோ ஓக்கரை நிறையத் தண்ணி விட்டு முதல் பூச்சு. அது நல்லாக் காய்ஞ்சதும் அங்கங்க நாலஞ்சு கல்லுக்கு மட்டும் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து ரெண்டாவது. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரீன் நீலத்தோட அதே பர்ன்ட் சியன்னா, நீலம் தூக்கலா. புதுசா மாத்தின கிளிப்ஷம் கல்லுக்குச் சியன்னாவே தேவையில்லை, வெளிறிப் போன மோர் நிறம்.

அழுக்குலயும் நம்ம கண்ணு ஏமாத்தும். நம்ம சுவர்ல கறுப்பு வர்றது மழைத்தண்ணி வழியற தடத்துல, பாசி புடிச்சு. அங்க பழைய புகைக்கறுப்பு இருக்கறது மழை படாத இடத்துல: விளிம்புக்கு அடியில, செதுக்கலோட பள்ளத்துல. மழை அடிக்கற முகம் கழுவி வெளுத்திருக்கும். நம்ம பழக்கத்துல ஒழுகின கறுப்புக்கோடு போட்டுறாதீங்க.

தொட்டிக்கட்டு

சொல்லுக்கு வருகிறேன். குவாட்ராங்கிளுக்கு 'தொட்டிக்கட்டு' என்று எழுதினால் நம் பக்கத்துப் பசங்களுக்குச் சட்டென்று பிடிபடும். நடுவில் வானம், நாலு புறமும் கட்டு.

கல்லுளி

பிடிபடும், ஆனால் தப்பாகப் பிடிபடும். தொட்டிக்கட்டு வீட்டில் நாலு கூரையும் உள்பக்கம் சரிந்து மழையைத் தொட்டியில் இறக்கும். முற்றம் வீட்டின் வேலைக்கான இடம். அங்கே கூரை இரு பக்கமும் சரிகிறது, முற்றம் புல்தரை, கிறைஸ்ட் சர்ச்சின் டாம் குவாட் ஒரு பக்கம் 80 மீட்டர். நம் பெரிய தொட்டிக்கட்டு வீடுகள் பல அதற்குள் அடங்கும். 'நாற்கட்டு முற்றம்' என்று தலைப்பில் எழுதி, விளக்கத்தில் 'நம் தொட்டிக்கட்டு போல, ஆனால் தண்ணீர் உள்ளே விழாது' என்று ஒரு வரி சேருங்கள்.

கூரை பற்றிச் சொன்னதால் இதுவும். பழைய கூரைகளில் ஓடு மாதிரித் தெரிவது பல இடங்களில் ஸ்டோன்ஸ்ஃபீல்டு பலகைக்கல். வெட்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலப் பனியில் போட்டு வைப்பார்கள். உள்ளே உறையும் தண்ணீர் விரிந்து அடுக்கடுக்காகப் பிளக்கும். பெரிய கல் கீழ் விளிம்பில், மேலே போகப் போகச் சிறிசு. எல்லா வரிசையும் ஒரே அளவில் போட்டால் மங்களூர் ஓடாகிவிடும்.

சென்னிமலை_தறி

தாள், மை விஷயம் யாரும் சொல்லலை. நீர்வண்ணத்துக்கு 300 ஜிஎஸ்எம்-க்குக் குறைஞ்ச தாள் வேண்டாம், சுருளும். அதையும் அஞ்சு நிமிஷம் தண்ணியில நனைச்சு, பலகையில பரப்பி, நாலு ஓரமும் பசைக் காகிதப் பட்டை ஒட்டிக் காயவிட்டா முறுக்கா நிக்கும். ஃபேன் காத்து நேரா ஒரு மூலையில பட்டா அந்த மூலை முந்திக் காய்ஞ்சு பட்டை பிச்சுக்கும். பவுண்டன் பேனா மை பெரும்பாலும் தண்ணி பட்டதும் ஓடும்; தண்ணிக்குக் கரையாத மைப்பேனா வாங்கி, கோடு போட்டு அரை நாள் விட்டு வண்ணம் அடிங்க.

அசலைத் தொங்கவிடாம நகல் எடுக்கறதா இருந்தா 300 டிபிஐ-ல ஸ்கேன். ஏ3-க்கு 3508-க்கு 4961 புள்ளி வரணும். ஏ4 ஸ்கேனர்தான் இருக்குன்னா மூணு தடவையா, பக்கத்துப் பக்கத்து ஸ்கேன் ரெண்டுலயும் மூணு செ.மீ பொதுவா வர்ற மாதிரி எடுத்து ஒட்டலாம். மேட் பிரிண்ட் எடுத்து 5 மி.மீ சன்போர்டுல ஒட்டச் சொல்லுங்க. பளபளப்பு லேமினேஷன் போட்டா டியூப் லைட்டுதான் தெரியும், கோபுரம் தெரியாது.

போட்டோ இணையத்துல இருந்து எடுத்தா அனுமதியோட விவரத்தைப் பாருங்க. விக்கிமீடியா காமன்ஸ்ல பல படங்களுக்கு எடுத்தவர் பேர் போடணும்னு நிபந்தனை இருக்கு, பார்த்து வரைஞ்சாலும் பேர் போட்டுடறது நல்லது. மேலிருந்து பார்க்கற கோணத்துக்கு டேவிட் லோகன் 1675-ல வெளியிட்ட செப்புத்தகட்டுப் படங்கள் இருக்கு. அதுக்குக் காப்புரிமைத் தொல்லை இல்லை.

கோபி_வாய்க்கால்

எல்லாம் குறிச்சுக்கிட்டேனுங்க. கடைசியா ரெண்டு. எல்லாப் போட்டோலயும் வர்ற அந்த ஹெர்ட்ஃபோர்டு கல்லூரிப் பாலத்தையும், சினிமால வந்த கிறைஸ்ட் சர்ச் படிக்கட்டையும் விட்டா பசங்க கேப்பாங்க. சேர்க்கலாமா? அப்புறம் அஞ்சாவது படத்துல வுல்சி வேலை எங்க முடியுது, ரென் வேலை எங்க ஆரம்பிக்குதுன்னு கோடு போட்டுக் காட்டணும், எங்க போடறது?

கல்லுளி

பாலம் 1914-ல் முடிந்தது, தாமஸ் கிரஹாம் ஜாக்சன் வரைந்தது. வெனிஸ் 'பெருமூச்சுப் பாலம்' பெயரை வைத்துவிட்டார்கள், உருவத்தில் அதே ஊர் ரியால்டோ பாலத்துக்குத்தான் கிட்டே வருகிறது. முகப்புப் பலகையில் சின்னதாகப் போடுங்கள், பத்தில் ஒன்றாக வேண்டாம். படிக்கட்டு சேர்க்கத் தகுந்தது. நடுவில் ஒரே மெலிந்த தூண், அதிலிருந்து விசிறி மாதிரி விரியும் கல் கூரை. பார்த்தால் 1500 என்று தோன்றும். உண்மையில் சுமார் 1640. இத்தாலியப் பாணி ஊருக்குள் வந்த பிறகும் பழைய மரபில் கட்டியது. டாம் கோபுரப் படத்தின் ஓரத்தில் வைத்தால் இடம் பொருந்தும், இரண்டும் ஒரே கல்லூரி.

கோடு: தெருவிலிருந்து பார்க்கும்போது வாசலும் அதன் இரு பக்கத்துச் சிறு கோபுரங்களின் உடலும் வுல்சி காலம். வாசலுக்கு மேலே எண்கோணமாக எழும்பும் பகுதியும், அதன் தலையில் குமிழ்ந்து கூராகும் மூடியும், இரு பக்கச் சிறு கோபுரங்களின் மூடிகளும் ரென். கீழே இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே கூர்முனைப் பாணியில் செய்தார். அதனால் எல்லைக்கோட்டைக் கல்லில் தேடினால் கிடைக்காது, வடிவத்தில்தான் தேட வேண்டும். கீழே செதுக்கல் நெருக்கமாக இருக்கும், மேலே பெரிய வெற்றுச் சுவர்ப்பரப்பு. அடர்த்தி எங்கே குறைகிறதோ அங்கே பென்சிலால் லேசாகப் போடுங்கள், மை வேண்டாம்.